சுவான்சோவிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தம்பி எழுதுவது. உங்கள் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. அம்மாவின் கண்புரை முற்றியிருப்பதையும், நம் தங்கையின் மகள் பெரியவளான செய்தியையும் ஒரே தாளில் படித்துவிட்டு நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். அவற்றைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நான் நலமாக இருக்கிறேன். சுவான்சோ சீனாவின் தென்கிழக்குக் கடற்கரை ஊர் என்பதால் குளிர் இன்னும் வரவில்லை. சாப்பாட்டைப் பற்றி அண்ணி கேட்டிருந்தார்கள். கடல் சிப்பியின் சதையைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவிலும் முட்டையிலும் கலந்து கல்லில் சுட்டுத் தருவார்கள். ஆம்பூரில் பிறந்த நாக்குக்கும் அது பிடித்துவிட்டது.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற இலக்கிய ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பண்டிகைக்குப் பண்டிகை எனக்குப் பலகாரம் தருவார், ஆனால் அந்த நாளுக்குரிய கவிதையையோ கதையையோ சொல்லாமல் தரமாட்டார். சீனக் கணக்கில் ஐந்தாம் மாதத்தில் மூங்கில் இலையில் பொதிந்து வேகவைத்த அரிசி உருண்டையைத் தந்தபோது, நாடு வீழ்வதைப் பொறுக்காமல் மீலுவோ ஆற்றில் பாய்ந்து உயிர்விட்ட கவிஞர் ச்சூ யுவானைப் பற்றிச் சொன்னார். அவர் உடலை மீன்கள் தின்னாதிருக்க ஊரார் ஆற்றில் சோறு எறிந்தார்களாம். ஒரு கவிஞனுக்காக ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அடுப்பு மூட்டுகிறவர்களை நான் மனமார மதிக்கிறேன்.

புரட்டாசிப் பௌர்ணமி இங்கே நிலாப் பண்டிகை. இவர்கள் கணக்கில் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் நாள். குடும்பம் முழுவதும் ஒன்றுகூட வேண்டிய நாள் என்பதால் காலணி ஆலைக் குடியிருப்பே காலியாகிவிட்டது. ஷாங்காயில் இருக்கும் மகனுக்கு விடுப்பு கிடைக்காததால் ஆசிரியையும் தனியாகத்தான் இருந்தார். என்னையும் மாடி வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து, பீங்கான் கிண்ணத்தில் ஆறு தாயக்கட்டைகளை உருட்டச் செய்தார். சுவான்சோ, சியாமென் பக்கத்து வழக்கம் இது. பரிசாக வைக்கும் 63 பணியாரங்களுக்கும் பழைய அரசுத் தேர்வுப் பட்டங்களின் பெயர். நான்கு சிவப்புப் புள்ளிகள் உள்ள முகம் நான்கு கட்டைகளில் விழுந்தால், முதல் பட்டத்துக்குரிய பெரிய பணியாரம். பதினேழாம் நூற்றாண்டில் தளபதி செங் செங்கொங்கின் வீரர்கள் வீட்டு நினைவில் வாடாதிருக்க உண்டாக்கிய விளையாட்டு என்று சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்தது கடைசிப் பட்டம்தான்.

பிறகு நிலா ஏறியதும் ஆசிரியை பழைய சீனக் கவிஞர் சூ ஷியின் கவிதையைச் சொன்னார். 1076இல், மிசோ என்ற ஊரில் அதிகாரியாக இருந்தபோது, பல ஆண்டுகளாகப் பார்க்காத தம்பி சூ செயை நினைத்து அவர் எழுதியது. நிலவுக்கு வளர்தலும் தேய்தலும் உண்டு, மனிதருக்குப் பிரிதலும் சேர்தலும் உண்டு, இது என்றுமே நிறைவாக அமைந்ததில்லை. நெடுநாள் வாழ்ந்து, தொலைவில் இருந்தாலும் இதே நிலவைப் பார்ப்போம் என்று முடிகிறது. அண்ணன் ஒருவர் தம்பிக்காக எழுதியது என்று தெரிந்ததும் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. நம் மொட்டை மாடியில் அம்மா சோறு பிசைந்து கையில் வைக்க, நீங்கள் உங்கள் உருண்டையில் பாதியை எனக்குத் தருவீர்களே அண்ணா. மறுநாள் இவ்வூரின் பழைய புத்தர் கோயிலான கையுவான் கோயிலுக்குப் போய், பின்புறத் தூணில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் முன் நெடுநேரம் நின்றேன். 1281இல் இவ்வூரில் தமிழில் கல்வெட்டுப் பொறித்த நம்மவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பினார்களோ தெரியவில்லை.

அம்மாவை ஐப்பசி மழைக்கு முன் வேலூருக்கு அழைத்துப் போய்விடுங்கள்; பயப்படுவார்கள், அண்ணி கூடவே இருக்கட்டும். தாய்மாமன் சீரில் என் பங்கைத் தீபாவளி கழித்து அனுப்புகிறேன். ஆலையில் கூடுதல் நேர வேலை இப்போது இல்லை, அவ்வளவுதான், வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம். பட்டுப்பாவாடை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள். நிறத்தைக் குழந்தையே சொல்லட்டும். மாந்தோப்பை விற்கச் சித்தப்பா அவசரப்பட்டால், தை கடைசியில் சீனப் புத்தாண்டுக்கு ஆலை மூடும்போது நான் வருவேன், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள். அவரோடு வாக்குவாதம் வேண்டாம். பட்டாவின் நகலையும் வில்லங்கச் சான்றையும் அடுத்த கடிதத்தோடு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி