இருப்பில் பணம் இருந்தும் என் செல்பேசி எண்ணை வேறொருவருக்குக் கொடுத்தது தொடர்பான மேல்முறையீடு

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி,
தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டம்.

அனுப்புநர்:
மஸ்கட்டில் வசிக்கும் ப்ரீபெய்டு வாடிக்கையாளர். பெயரும் எண்ணும் புகார் எண்ணும் இணைத்துள்ள படிவத்தில் இருக்கின்றன.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கல்லூரி முடித்த வருடம் கும்பகோணத்தில் உங்கள் கடையில் வாங்கிய எண் அது. வேலைக்காக ஓமன் வந்த பிறகும் அதை விடவில்லை. ஆசைக்காக வைத்திருக்கவில்லை. என் என்ஆர்ஓ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான) வங்கிக் கணக்கு, ஆதார், பிஎஃப், வருமான வரித் தளம் எல்லாமே அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. பழைய பட்டன் போன் ஒன்றில் அந்த சிம்மைப் போட்டு, ஓடிபி வந்தால் பார்ப்பதற்கென்றே சமையலறை அலமாரியில் சார்ஜில் வைத்திருப்பேன். வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர் வீடுகளில் இப்படி ஒரு போன் இல்லாத வீடு குறைவு.

இந்த ஜனவரி முதல் வாரம் ஊரிலிருந்து விமானம் ஏறும்வரை அந்த எண்ணில்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வருடத் திட்டம் அந்த மாதக் கடைசியில் முடிந்தது. முடிந்த வாரமே உங்கள் செயலியில் ரீசார்ஜ் செய்யப் பார்த்தேன். ஓமன் வங்கி அட்டையை ஏற்கவில்லை. ஊர் வங்கிக் கணக்கிலிருந்து கட்டலாம் என்றால், அதற்கான ஓடிபி சேவை நின்றுபோன அதே சிம்முக்குத்தான் வர வேண்டும். சரி, முதன்மை இருப்பில் 240 ரூபாய் இருக்கிறது, எண் எங்கும் போகாது, அடுத்த முறை ஊருக்கு வரும்போது கடையிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த 240 ரூபாய் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன்.

ஜூலையில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் நேரம் வந்தது. சந்தேகத்தில் என் எண்ணை நானே அழைத்துப் பார்த்தேன். ஒருவர் எடுத்தார். "அக்கா, நான் மதுரைங்க. சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட இந்த சிம்ம வாங்குனேன். உங்க பேங்க் மெசேஜெல்லாம் எனக்குத்தான் வருது, நான் அழிச்சுக்கிட்டேதான் இருக்கேன்" என்றார். நல்ல மனிதர். என் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைக்கூட அவரே சொன்னார். அவர் நல்லவராக வாய்த்தது என் அதிர்ஷ்டம். அதில் உங்கள் நிறுவனத்துக்குப் பங்கு எதுவும் இல்லை.

உங்கள் புகார் உதவி எண்ணான 198-ஐ இங்கிருந்து அழைக்க முடியாது. மின்னஞ்சலில் புகார் கொடுத்தேன். "90 நாட்களுக்கு மேல் பயன்பாடு இல்லாததால் இணைப்பு நீக்கப்பட்டது" என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. அப்புறம் புகார் தீர்க்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள், அதே எண்ணுக்கு! மதுரைக்காரர்தான் அதைப் படித்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னார்.

பயன்பாடு என்ற பேச்சுக்கே வருவோம். வருகிற குறுஞ்செய்தி பயன்பாட்டுக் கணக்கில் சேராது, பேச்சோ டேட்டாவோ நாம் அனுப்பும் குறுஞ்செய்தியோதான் சேரும் என்பது எனக்கும் தெரியும். ஓடிபிக்காகவே எண்ணை வைத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களை மறந்துவிட்டு எழுதிய விதி அது என்பது என் எண்ணம். இருக்கட்டும், உங்கள் வழிக்கே வருகிறேன். பயன்பாடு இல்லாவிட்டாலும் ப்ரீபெய்டு இருப்பில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் எண்ணைத் துண்டிக்கக் கூடாது, 30 நாளுக்கு 20 ரூபாய் வீதம் எடுத்துக்கொண்டு எண்ணைத் தொடர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2013-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. ஜனவரி முதல் வாரத்திலிருந்து 90 நாள் என்றால் ஏப்ரல் முதல் வாரம். அதிலிருந்து ஜூலைவரை மூன்று தடவை 20 ரூபாய் பிடித்திருந்தாலும் 180 ரூபாய் மிச்சம் இருந்திருக்கும். ஊரில் மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டில் போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் கணக்கு இது.

இன்னொன்று. துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாளுக்கு யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று ட்ராய் 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. சித்திரைத் திருவிழா முடிந்ததும் மதுரைக்காரர் கையில் என் எண் இருந்திருக்கிறது. ஏப்ரலில் துண்டித்தீர்கள் என்றால் இந்த 90 நாள் எங்கே போனது? இல்லை, திட்டம் முடிந்த ஜனவரியிலேயே துண்டித்தோம் என்றால், பயன்பாடு இல்லாத 90 நாள் எங்கே போனது? எந்தத் தேதியை நீங்கள் சொன்னாலும் இரண்டில் ஒன்று இடிக்கும்.

மாற்று எண் வாங்கிக்கொள்ளச் சொல்லி உங்கள் ஊழியர் எழுதியிருக்கிறார். அப்படி வாங்கினால் ஆதாரிலும் வங்கியிலும் எண்ணை மாற்ற வேண்டும். வங்கியோ நேரில் வரச் சொல்கிறது. அதற்காக விமான டிக்கெட் போட்டு, விடுப்பு எடுத்து வர வேண்டும். உங்களுக்கு அது ஒரு வரிப் பதில்.

மதுரைக்காரர் முறையாகக் காசு கொடுத்து சிம் வாங்கியவர். அவரிடமிருந்து எண்ணைப் பறித்து என்னிடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு வேறு எண் சம்மதம் என்றால், அதற்கான செலவை நீங்கள் ஏற்று எண்ணை என் பெயருக்கு மாற்றுங்கள். சம்மதம் இல்லையென்றால், எண் என் பெயரில் எந்தத் தேதிவரை இருந்தது, எந்தத் தேதியில் துண்டிக்கப்பட்டது, எப்போது வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டது என்று நிறுவனத் தலைப்புள்ள தாளில் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கடிதம் கொடுங்கள். வங்கியில் காட்ட எனக்கு அது கட்டாயம் வேண்டும். ஜனவரியிலிருந்து என் முதன்மை இருப்பின் வரவு செலவு விவரமும், அந்த 240 ரூபாயும், எண்ணை மாற்றுவதற்காக நான் ஊருக்கு வந்து போகும் செலவும் வேண்டும். 240 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் எண்ணையும் எடுத்துக்கொண்டு அந்தப் பணத்தையும் எந்தக் கணக்கில் வைத்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மேல்முறையீட்டை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் சரியான பதில் வராவிட்டால் தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

பதிலைப் படிவத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுப்பவும். தயவுசெய்து அந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மஸ்கட்.

இணைப்பு: இருப்பு தெரியும் ஸ்கிரீன்ஷாட், ரீசார்ஜ் தோல்வியடைந்த அறிவிப்பு, உங்கள் ஊழியரின் மின்னஞ்சல்கள், கடவுச்சீட்டில் ஜனவரிப் பயண முத்திரை உள்ள பக்கம்.