உன் வீட்டுப் பனையும் என் வீட்டுப் பாட்டிலும்

பாளையங்கோட்டை,
ஜூன் 9

அன்புள்ள செல்வராஜ்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் கிடைத்தன. "ஏல, இதுல எது பனை?" என்று ஒரு வரி தட்டிவிட்டு நீ தூங்கப் போய்விட்டாய். எனக்கு இங்கே தூக்கம் போயிற்று. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற பதில் இல்லை இது, அதனால் பேனாவை எடுத்தேன். படிக்கச் சோம்பலாக இருந்தால் மருமகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்.

இங்கே எல்லாரும் சுகம். சரசுவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாள். சின்னவள் தோகாவில் வேலை மாறியிருக்கிறாள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் என்று டாக்டர் சொல்கிறார். கருப்பட்டிக் காப்பி குடிப்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

சரி, படங்களுக்கு வருகிறேன். முதல் படம், உன் கொல்லையில் நிற்பது. வீட்டை வாங்கும்போதே இருந்தது என்றாய். விசிறி ஓலை, ஒல்லியான தண்டு, தண்டைச் சுற்றிக் கம்பளி போர்த்தியது போலப் பழுப்பு நார். அந்த நாரைப் பார்த்ததுமே எனக்குப் பன்னாடை ஞாபகம் வந்தது. நம் பனையில் மட்டை அடியில் மட்டும்தானே பன்னாடை இருக்கும், இதற்கு அடி முதல் நுனி வரை. அதனாலேயே தண்டு மேலே பருத்தும் கீழே மெலிந்தும் தெரியும். இது சூசான் பனை. சீனத்து மலைக்காடுகளில் வளர்வது. அந்த ஊர்க்காரர்கள் இந்த நாரில் கயிறு திரித்தார்கள், துடைப்பம் கட்டினார்கள், மழைக்குப் போட்டுக்கொள்ளச் சட்டைகூடச் செய்தார்கள். ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1849இல் இதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். சீனத்துத் தேயிலைச் செடிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இமயமலைப் பக்கம் கடத்திவந்தாரே, அதே ஆள்தான். தேயிலைக்குக் கிடைத்த பேர் பனைக்குக் கிடைக்கவில்லை.

பனைக் குடும்பத்தில் குளிர் தாங்குவதில் இதை மிஞ்ச ஆள் குறைவு. வளர்ந்த மரம் மைனஸ் 15 டிகிரி வரைகூடப் பிழைத்துக்கொள்ளும். லண்டன் குளிர் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் காற்று ஆகாது, ஓலை நார் நாராகக் கிழிந்துவிடும். உன் மகன் கீழ் ஓலைகளை எல்லாம் பச்சையாக வெட்டி மரத்தை மொட்டை அடித்திருக்கிறான் பார், அதை முதலில் நிறுத்தச் சொல். பனைக்கு ஓலைதான் சாப்பாடு. காய்ந்து தொங்குவதை மட்டும் எடுத்தால் போதும்.

ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. மட்டையின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார். மெல்லிய சொரசொரப்பாக இருந்தால் நான் சொன்னது சரி. முன்னோக்கி நீட்டிய கூர்முள் இருந்தால் அது மத்தியதரைக்கடல் பக்கத்துக் குட்டைப்பனை, ஐரோப்பாவின் சொந்தப் பனை. ஆனால் அது புதராகக் கிளைத்து நிற்கும், உன்னுடையது ஒற்றைத் தண்டு. எனவே தொண்ணூறு சதவீதம் சூசான்தான். நம் பனையின் கருக்கு மட்டையில் கையைக் கிழித்துக்கொண்டு வளர்ந்தவன் நீ, இந்தச் சோதனைக்குப் பயப்படமாட்டாய்.

இரண்டாவது படம், பக்கத்து வீட்டுக்காரர் பெருமையாகக் காட்டியது. அதை அவரிடம் பக்குவமாகச் சொல்: அது பனையே இல்லை. அங்கே அதை 'டார்பே பாம்' என்று விற்பார்கள், உண்மையில் நியூசிலாந்துச் செடி, கார்டிலைன். 2010 டிசம்பர் குளிரில் பட்டுப்போய், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து நாலு தண்டு முளைத்தது என்று எழுதியிருந்தாயே, அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. படத்தில் தண்டு நடுவில் இரண்டாகப் பிரிவது வேறு தெரிகிறது. ஓலையைக் கையில் எடுத்துப் பார். வாள் மாதிரி தட்டையாக, மட்டை இல்லாமல், நேரே தண்டிலிருந்து கிளம்பும். பனை ஓலை அப்படி வராது. எந்த நாட்டுப் பனையானாலும் குருத்து விசிறி போல மடிந்துதான் வெளியே வரும், பிறகு அந்த மடிப்பின் வழியாகக் கிழிந்து விரியும். மடிப்பு இல்லையென்றால் பனை இல்லை.

மூன்றாவது படத்தைப் பார்த்துச் சரசுவும் நானும் சிரித்தோம். லண்டன் கியூ தாவரத் தோட்டத்துப் பாம் ஹவுஸில் பேரனைத் தூக்கிக்கொண்டு, "பனையடியில் தாத்தா" என்று போட்டிருக்கிறாய். உன் பின்னால் சாய்ந்து நிற்பது பனை அல்ல, பனை மாதிரித் தோன்றும் சைக்காட் என்ற வேறு இனம். கூம்பு விடும், பூக்காது. 1775இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோய் வைத்த தொட்டிச்செடி அதுவாகத்தான் இருக்க வேண்டும், கீழே பலகை இருந்திருக்கும். பனை வீட்டுக்குள்ளேயே பனை இல்லாததன் முன் நின்று படம் எடுத்த ஒரே பனையேறி மகன் நீதான். இங்கேயும் நர்சரிகளில் அதே இனத்துச் சைக்கஸை 'சாகோ பாம்' என்று விற்கிறார்கள். வீட்டில் நாய் இருந்தால் அதை வைக்காதே, கொட்டை விஷம்.

கியூவைப் பற்றி இன்னொன்று. அங்கே இன்னொரு கண்ணாடி வீட்டில் சிலி நாட்டுப் பனை ஒன்று 1846 முதல் வளர்ந்தது. கூரையை முட்டியதால் 2014இல் வெட்டிவிட்டார்கள். கண்ணாடிக்குள் வளர்க்கிற பனைக்குக் கடைசியில் அதுதான் கதி. அந்தச் சிலிப் பனையிலும் பதநீர் உண்டு. ஆனால் அந்த ஊரில் பாளையைச் சீவி இறக்குகிற வித்தை கிடையாது. மரத்தையே வெட்டிச் சாய்த்து, தலைப்பக்கம் சீவிச் சீவி மாதக்கணக்கில் வடிப்பார்களாம். உங்கப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பார்.

உன்னைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் வீடு கட்டி முடித்ததும் வாசலுக்கு இரண்டு கன்று வாங்கினேன். "பாட்டில் பாம் சார், பத்தடிக்கு மேல போகாது" என்றான் நர்சரிக்காரன். அடி பருத்து, நிஜமாகவே சீசா மாதிரிதான் இருந்தது. சுவரிலிருந்து நாலடி தள்ளி, கரண்டு கம்பிக்கு நேர் கீழே நட்டேன். அது பத்தடியில் நிற்கவில்லை, இருபதிலும் நிற்கவில்லை. சிமெண்டுத் தூண் மாதிரி வெளுத்த தண்டும் பச்சைக் கழுத்துமாக ஏறிக்கொண்டே போனது. கியூபா நாட்டு ராயல் பாம் அது. சின்ன வயதில் ராயல் பாமுக்கும் அடி பருக்கும், அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். அசல் பாட்டில் பனை மொரீஷியஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவுச் சொத்து. விறைப்பாக வளைந்த நாலைந்து மட்டைதான் அதற்கு எப்போதும் இருக்கும், ஓலைகள் இரண்டு வரிசையாக நிற்கும். ராயலில் ஓலைகள் நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

ஒரு நாள் மத்தியானம் பழுத்த மட்டை ஒன்று தானாகக் கழன்று, ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. ஒரு ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும், நல்ல கனம். யாராவது கீழே நின்றிருந்தால் என்ன ஆகும் என்று சரசு அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். தலையைக் கழித்துவிடலாம் என்றால் முடியாது. வேப்பமரத்தை மொட்டை அடித்தால் துளிர்க்கும், பனைக்கு உயிர் முழுவதும் அந்த ஒரு குருத்தில். அது போனால் மரம் போயிற்று. தண்டில் காயம் பட்டாலும் தோல் மூடாது, ஆணி அடித்தால் சாகும்வரை அந்த ஓட்டை இருக்கும். வெளியே வைரம், அதாவது கெட்டிப் பகுதி, இருப்பது புல், உள்ளே வைரம் இருப்பது மரம் என்று தொல்காப்பியத்தில் வருகிறதே, பள்ளியில் தமிழய்யா சொன்னபோது பின்பெஞ்சில் நாம் சிரித்தோம். பனை புல்தான். கம்பிக்கு நேராக இருந்ததை எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வெட்டினேன். மற்றது நிற்கிறது, அதன் கீழ் வண்டியை நிறுத்துவதில்லை.

நர்சரிப் பெயர்களை நம்பவே கூடாது என்று அன்று முடிவு செய்தேன். 'அரிகா பாம்' என்று தொட்டியில் வாங்கினால் அது பாக்குமரம் இல்லை, மடகாஸ்கரிலிருந்து வந்த மஞ்சள்தண்டுப் பனை. நிழலில் நன்றாக வரும். ஆனால் என் வீட்டு போர்த் தண்ணீர் உப்பு, நுனி எல்லாம் கருகிப்போகிறது. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றிய தொட்டி மட்டும் பச்சையாக இருக்கிறது. கல்யாண மண்டப வாசல்களில் நரிவால் மாதிரி நிற்கிறதே ஃபாக்ஸ்டெய்ல், அதன் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் ஒரு சின்ன மலைப்பகுதியில் மட்டும் இருந்த பனை. அதற்கு அறிவியல் பெயர் வைத்ததே 1983இல்தான். அந்த இடத்தைப் பற்றி அறிந்திருந்த கடைசிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரின் பேரைத்தான் வைத்தார்கள். நமக்குப் பத்தாம் வகுப்பு முடிந்த காலத்தில் உலகத்துக்கே தெரியாத மரம், இப்போது மேலப்பாளையம் ரோட்டில் வரிசையாக நிற்கிறது.

மேலப்பாளையம் என்றதும் காதர் பாய் ஞாபகம். ஹஜ்ஜுக்குப் போய்வந்து, அங்கே தின்ற பேரீச்சங்கொட்டையை முற்றத்தில் போட்டார். முளைத்தது. ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றினார். பாளை விட்டது, ஆண். பேரீச்சையிலும் நம் பனை மாதிரி ஆண் வேறு, பெண் வேறு. கொட்டை போட்டால் பாதிக்குப் பாதி சூதாட்டம். அதனால்தான் அரபு நாட்டில் தாய்மரத்தின் பக்கக்கன்றைப் பிரித்து நடுகிறார்கள், தர்மபுரிப் பக்கம் திசு வளர்ப்புக் கன்று வைக்கிறார்கள். அங்கே பர்ஹி என்ற ரகத்தை மஞ்சளாக இருக்கும்போதே அறுத்து விற்றுவிடுகிறார்கள். பழுக்கவிட்டால் மழையில் அழுகிவிடும். காலில் தண்ணீரும் தலையில் தீயும் வேண்டும் என்று அரபிகள் பேரீச்சையைச் சொல்வார்களாம். தீ நம்மிடம் நிறைய இருக்கிறது, மழைதான் வேண்டாத நேரத்தில் வருகிறது.

ஈச்சங்கன்றையும் தென்னங்கன்றையும் குழப்பிக்கொண்டால் ஓலையைப் பார். தென்னையில் ஈர்க்கின் இரு பக்கமும் கூரை மாதிரி கீழே சரியும், தண்ணீர் வழிந்துவிடும். ஈச்சையில் வாய்க்கால் மாதிரி மேலே குழிந்திருக்கும், மட்டையின் அடி ஓலைகள் முள்ளாக மாறியிருக்கும். மொட்டை மாடியிலிருந்து ஓஸ் பைப்பைப் பிடித்துப் பேரனுக்கு இதைக் காட்டினேன். அவனுக்கு ஓலையைவிட ஓஸ் பைப்புதான் பிடித்தது.

இப்போது நீ கேட்டது. பெரியப்பா மகன் வரும்போது நாலு பனங்கொட்டை கொடுத்துவிடு, தொட்டியில் வைத்து வளர்க்கிறேன் என்றாய். தரமாட்டேன். விமான நிலையத்தில் விதைக்குச் சான்றிதழ் கேட்பார்கள் என்பது ஒன்று. அதைவிட, பனை முளைக்கிற விதம் உனக்கே தெரியும். மேலே இலை வருவதற்கு முன் கீழே ஒரு முழத்துக்குக் கிழங்கு இறக்கும். தொட்டியின் அடியை முட்டிக்கொண்டு அது என்ன செய்யும்? சூடும் வேண்டும், உன் ஜன்னலோரத்து ஹீட்டர் பனைக்குப் பங்குனி வெயில் ஆகாது. அப்படியே முளைத்தாலும் முதல் உறைபனியில் போய்விடும். வீட்டுக்குள் வைத்தால் வருஷத்துக்கு ஒரு ஓலை என்று தரையோடு உட்கார்ந்திருக்கும். ஆசைக்கு ஒன்று போட்டே தீருவேன் என்றால் போடு, நாலு மாதத்தில் தோண்டி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துத் தின்றுவிடு. உன் சூசானை நான் இங்கே கொண்டுவந்து நட்டாலும் இதே நிலைமைதான், நம் மே மாதத்தில் அது வெந்துவிடும்.

ஏன் கேட்டாய் என்று எனக்குப் புரிகிறது. அதனால்தான் போன வாரம் உடன்குடி பஸ்ஸில் ஏறி உங்கள் தோட்டத்துக்குப் போய்வந்தேன். வேலி ஓரமாக உங்கப்பா கொட்டை போட்டாரே, நீ லண்டன் போவதற்கு முந்தின வருஷம், 1997. "பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான், அது போதும்" என்று சொல்லிக்கொண்டே போட்டார். ஒன்பது போட்டார், நான்தான் குழி தோண்டினேன். அவர் போகும்போது எல்லாம் வடலியாக இடுப்பளவுதான் இருந்தன. இரண்டு முளைக்கவே இல்லை, ஒன்றை ஆடு கடித்துக் கெடுத்தது, ஒன்று பாதை அகலப்படுத்தும்போது போயிற்று. ஐந்து நிற்கிறது. கருக்கு மட்டை எல்லாம் உதிர்ந்து, தண்டு எடுத்து, நல்ல உயரம். மூன்று ஆண், போன மாதமே பாளை விட்டுக் காய்ந்திருக்கிறது. ஒன்று இன்னும் எதையும் காட்டவில்லை. கிணற்றுப் பக்கம் நிற்பது பெண், ஆறு குலை. ஏற ஆள் இல்லை என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன் துரட்டி கட்டி ஒரு குலை இழுத்துப் போட்டான். நுங்கு கொஞ்சம் முற்றிவிட்டது. இரண்டைப் பெருவிரலால் தோண்டித் தின்றேன், ஒன்று உனக்காக.

படம் எடுத்திருக்கிறேன், கடிதத்தோடு வைக்கிறேன். உன் சூசானில் மஞ்சளாகத் தொங்குகிற பூங்கொத்தைக் கார்த்திகை வரை கவனித்துக்கொண்டிரு. நீலக்கறுப்பில் சின்னச் சின்னக் காய் பிடித்தால் பெண், வெறுமனே காய்ந்து உதிர்ந்தால் ஆண். சுற்றுவட்டத்தில் ஆண்மரம் இருந்தால்தான் காய் பிடிக்கும் என்பதையும் மனதில் வை. என்ன ஆயிற்று என்று எழுது. பெரியப்பா மகனிடம் பனங்கொட்டைக்குப் பதில் இரண்டு கிலோ கருப்பட்டி கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
இசக்கி