பதினொரு பேரின் கணக்கு: கூடைப்பந்துச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மைதானப் பணிகளைத் துணைச் செயலாளர் வாசிப்பார். பஸர்பீட்டர் என்னும் இணையக் கூடைப்பந்து மேலாண்மை விளையாட்டில் நம் சங்கம் நடத்தும் அணியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மூத்த உறுப்பினர்களுக்காக ஒரு விளக்கம். இதில் பந்தை நாம் தொடுவதில்லை. யார் எங்கே இறங்குவது, எந்த வியூகம், என்ன பயிற்சி என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால், குறித்த நேரத்தில் கணினி ஆட்டத்தை நடத்தும். ஒரு பருவம் 14 வாரங்கள். லீக்குடன், தோற்றால் வெளியேற்றும் கோப்பைப் போட்டியும் உண்டு. நம் குறி கோப்பைதான்.

முதல் பருவத்தில் மூன்றாம் சுற்றிலேயே வெளியேறினோம். எதிரணியில் நம்மைவிடத் திறமைசாலிகள் யாரும் இல்லை, நம்மவர்கள் களைத்திருந்தார்கள். சம்பளத்தை மிச்சம் பிடிக்க எட்டு பேரை மட்டுமே வைத்திருந்தோம். வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 48 நிமிடங்கள், களத்தில் ஐந்து பேர்: மொத்தம் 720 நிமிடங்கள். எட்டால் வகுத்தால் ஆளுக்கு 90. ஆட்டக்காரரின் உடல்தகுதி நன்றாக நிற்பதோ வாரத்துக்கு 60 முதல் 70 நிமிடங்கள் ஆடும்போது. அதைத் தாண்டினாலும் சரியும், மிகவும் குறைந்தாலும் சரியும். பதினொரு பேர் இருந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 65. இந்த வகுத்தலைப் பருவம் தொடங்கும் முன்பே நாம் போட்டிருக்க வேண்டும்.

எனவே மூவரை ஏலத்தில் எடுத்தோம். கடைசி நிமிடங்களில் யாராவது விலை கேட்டால் ஏலக் கெடு நீளும். அதற்காக விடியும்வரை கண்விழித்த இளைய உறுப்பினருக்கு இந்த அவை கடமைப்பட்டிருக்கிறது.

பயிற்சியில் பெரிய மாற்றமில்லை. களத்தில் ஆட்டக்காரர் நிற்கும் இடங்களில் ஒன்றுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து, அந்த இடத்தில் மூன்று இளைஞர்களை வாரம் 48 நிமிடங்கள் வீதம் இறக்கினோம். கோப்பையிலிருந்து வெளியேறிய பிறகு நட்பு ஆட்டங்கள் இதற்கு உதவின.

மூன்றாவது பருவத்தில் ஐந்தாம் சுற்று வரை சென்றோம். அங்கே நான்கு புள்ளிகளில் தோற்றதற்கு என் முடிவே காரணம். ஒரு போட்டியில் முழு மூச்சாக ஆடச் சொன்னால் அணியின் உற்சாகம் அடுத்தடுத்த ஆட்டங்களுக்குக் குறையும். அடக்கி ஆடச் சொன்னால் சேரும். நான்காம் சுற்றில் முழு மூச்சைக் கொடுத்த நான், அடுத்து வந்த லீக் ஆட்டத்தையும் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வழக்கம்போல் ஆடச் சொன்னேன். அந்த லீக் வெற்றியால் பட்டியலில் நம் இடம் மாறவே இல்லை.

வரும் ஆண்டில் கோப்பை வாரங்களின் லீக் ஆட்டங்களுக்கான உத்தரவை மூவர் குழு முடிவு செய்ய வேண்டும் என்று முன்மொழிகிறேன். வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்