'களங்கம்' என்று எழுதினால் கதை கெட்டது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தேர்வு நெருங்கினால் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களில் மாதிரி விடைகள் வரத் தொடங்கிவிடும். 'வளரிளம்பெண் தன் கள்ளமின்மையை இழப்பதைச் சிறுகதையின்வழி ஆராய்க' என்ற வகை வினாவுக்கு வருபவை பெரும்பாலும் ஒரே அச்சு. முதல் பத்தியில் கதைச்சுருக்கம், இரண்டாவதில் மிச்சக் கதைச்சுருக்கம், கடைசியில் பெண்பிள்ளைகள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற உபதேசம். கேட்ட கேள்விக்கு அதில் பதிலே இல்லை.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வண்ணாமடைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. படிப்பது தமிழ், காதில் விழுவதில் பாதி மலையாளம். கள்ளமின்மைக்கு மலையாளத்தில் 'நிஷ்களங்கத' என்பார்கள். அதற்குள் 'களங்கம்' உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகள் அதைத் தமிழாக்கி 'அவள் களங்கப்பட்டாள்' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் அந்தச் சொல் விழுந்த மாத்திரத்தில் பழி அவள் தலையில். அதேபோல் 'அவள் பாவம்' என்றும் எழுதுவார்கள். மலையாளத்தில் அதற்குச் சூதுவாது தெரியாதவள் என்ற பொருளும் உண்டு. விடைத்தாள் திருத்துகிறவர் அதை வெறும் இரக்கமாகப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஒரு நல்ல அவதானிப்பு அங்கே மதிப்பெண் இல்லாமல் போகிறது.

தமிழ்ச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'பேதைமை' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் திருக்குறளின் 84ஆம் அதிகாரம் அந்தப் பெயரில் பேசுவது நல்லதை விட்டுக் கெட்டதைப் பிடித்துக்கொள்ளும் அறிவின்மையை. பருவப் பெயராக எடுத்தால் பேதை 5 முதல் 7 வயதுக் குழந்தை. பதினான்கைத் தாண்டியவள் மடந்தை. 'வெகுளித்தனம்' பேச்சுக்குச் சரி. (பழந்தமிழில் 'வெகுளி' என்றால் கோபம், குறளின் 31ஆம் அதிகாரம் 'வெகுளாமை' பேசுவது அதைப் பற்றித்தான் என்பதை மாணவர் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.) 'கற்பு' இந்த வினாவுக்குள் வரவே கூடாது. 'கள்ளமின்மை' என்பதே போதும். இன்னது தெரியாமல் இருந்தாள், இன்னது தெரிந்துகொண்டாள் என்று பிரித்து எழுத அந்தச் சொல் இடம் தருகிறது.

வினாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பது கதைச்சுருக்கம். எந்த வரியில் அவளுக்கு உலகம் வேறாகத் தெரிந்தது என்பதுதான் ஆய்வு. இரண்டும் ஒரே வரியில் நிகழ வேண்டும் என்று கட்டாயமில்லை. நல்ல கதைகளில் பெரும்பாலும் நிகழ்வதுமில்லை.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையை எடுத்துக்கொள்வோம். கதை சொல்பவள் 13 வயதுப் பெண். அம்மா ஊரில் இல்லாத நாளில் பூப்பெய்துகிறாள். தனக்கு என்ன ஆயிற்று என்பதை அம்மா வாயால் கேட்கக் காத்திருக்கிறாள். அம்மா போனது உறவுப் பெண் ஒருத்தியின் கல்யாணப் பேச்சுக்கு. பெண் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிக் கழித்துவிட்டார்கள். அந்த ஆற்றாமையோடு திரும்பிய அம்மா, மகளுக்கு நேர்ந்ததை இன்னொரு பாரமாகச் சொல்லிவிடுகிறாள். மகளும் கறுப்பு. 'பூப்பெய்தியதால் கள்ளமின்மை போயிற்று' என்று எழுதும் மாணவர் பாதி வழியில் இறங்கிவிட்டார். பூப்பின்போது அவளுக்குப் பயம் இருக்கிறது, ஆனால் அம்மா மேல் நம்பிக்கை அப்படியே இருக்கிறது. நம்பிக்கை உடைவது அம்மாவின் ஒரு வாக்கியத்தில். தலைப்பில் உள்ள கொலை அதுதான்.

அதன் எதிர்முனையில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்', 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழை நாளில் பேருந்துக்கு நின்ற கல்லூரி மாணவி ஒருவனுடைய காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். விடைகள் எல்லாம் இந்தத் தண்ணீரோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பக்கத்திலேயே ஒரு சூயிங்கம் இருப்பதைப் பார்ப்பவர் குறைவு. காரில் வாயில் போட்டதை வீடு வந்த பிறகும் அந்தப் பெண் மென்றுகொண்டிருக்கிறாள். தாய் துப்பச் சொல்கிறாள். குழந்தைக்கு நீட்டும் மிட்டாய் மாதிரி வந்த பொருள் அது. எல்லாம் நடந்து முடிந்த பிறகும் அவள் வாய் அதைச் சவைத்துக்கொண்டிருக்கிறது என்றால், அவளுக்குள் இருக்கும் சிறுமி இன்னும் முழுசாகப் போகவில்லை என்று வாதிடலாம். தலையில் விழுந்த தண்ணீர் வாய்க்குள் போகவில்லை என்று எதிர்வாதமும் செய்யலாம். இரண்டில் எதை எழுதினாலும் அது ஆய்வு, ஏனென்றால் கதையில் உள்ள ஒரு பொருளின் மேல் அது நிற்கிறது. ஒரு கதையில் தாய்ச்சொல் கொல்கிறது, மற்றதில் தாய்ச்சொல் காக்கிறது. ஒப்பிடச் சொன்னால் இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது கடினம்.

இந்தக் கதையில் வழக்கமாக நேரும் பிழை ஒன்று. மாணவர் அந்தப் பெண்ணைக் 'கங்கா' என்பார், அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்தியதாகவும் எழுதுவார். அதெல்லாம் பின்னால் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் உள்ளவை. 1972இன் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவல், தாய் தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு எழுதப்பட்டது. அந்த நாவலின் படத்தைப் பார்த்த ஞாபகத்தில் சிறுகதைக்கு விடை எழுதினால் முடிவே தலைகீழாகிவிடும்.

யார் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கி. ராஜநாராயணனின் 'கன்னிமை' கதையில் குற்றவாளி என்று யாரையும் கைகாட்ட முடியாது. கன்னியாக இருந்தபோது அள்ளிக் கொடுத்த கை, கல்யாணமானபின் கணக்குப் பார்க்கிறது. கதை இரண்டு வாயால் சொல்லப்படுவதால், மாறியது அவளா, பார்க்கிறவரின் இடமா என்ற சந்தேகம் கடைசிவரை தீர்வதில்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு உடம்பைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்தக் கதை நல்ல மருந்து.

கையில் பென்சிலோடு படிப்பது நல்லது. அவளை மற்றவர்கள் கூப்பிடும் சொற்களை முதல் பாதியிலும் பின் பாதியிலும் வட்டமிட வேண்டும். அவள் கேட்ட கேள்விகளுக்குக் கோடு போட வேண்டும். கேள்விகள் நின்றுபோகும் இடத்துக்கு ஐந்து வரி முன்னும் பின்னும் தேடினால் திருப்பம் அநேகமாக அங்கேயே இருக்கும். இருபது வரி விடையில் கதைச்சுருக்கத்துக்கு நான்கு வரி தாராளம். முன்பு அவள் நம்பியது இரண்டு வரி, அந்த நம்பிக்கை உடையும் இடம் ஆறேழு வரி, மிச்சம் உடைத்தது யார், விலை கொடுத்தது யார் என்பதற்கு. கேரளத் தேர்வில் முதல் 15 நிமிடம் 'கூல் ஆஃப் டைம்', அதாவது வினாத்தாளைப் படித்துப் பார்க்கும் நேரம். அப்போது விடை எழுத முடியாது. ஆனால் எந்த வரியைத் திருப்பமாக எடுப்பது என்று முடிவு செய்ய அது போதும். அந்த முடிவு இல்லாமல் பேனாவைத் திறந்தால் கை தானாகக் கதைச்சுருக்கத்துக்குப் போய்விடும்.

வகுப்பில் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. 'அவள் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்' என்ற கேள்வியைப் பயிற்சித்தாளிலிருந்து எடுத்துவிட வேண்டும். பின்வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அது கற்பனைக் கேள்வியாக இல்லாமல் போகலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர் சம்மதித்தார் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் காவல்துறைக்குத் தெரிவிப்பது ஆசிரியரின் சட்டக் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். 'அவள் ஏன் காரில் ஏறினாள்' என்று பையன்கள் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். மழையையும், வராத பேருந்தையும், ஓட்டி வந்தவன் பேச்சையும் கதையிலேயே தேடி எடுத்து வாசிக்கச் சொன்னால் போதும்.

மாதிரி விடைகளைத் தொடர்ந்து வெளியிடுங்கள். எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு அவற்றைவிட்டால் வேறு துணை அதிகமில்லை. வெளியிடுமுன் 'களங்கம்', 'கெட்டுப்போனாள்' என்ற சொற்களை நீக்கி, கடைசிப் பத்தியின் உபதேசத்துக்குப் பதிலாகக் கதையிலிருந்து ஒரே ஒரு வரியைக் காட்டி விளக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.