முடிவெடுக்கக் கூடியவரை அனுப்புங்கள்

மதுரை மாவட்டத்தில் குடிநீர், மின்சாரம், பஸ், துப்புரவு என மக்கள் சேவைகளை நடத்தும் துறைகளின் அதிகாரிகளுக்கு வணக்கம்.

மேலூர் பக்கம் இருக்கும் என் அத்தைக்கு, ஏற்கெனவே கட்டிய கட்டணத்துக்கே மறுபடியும் பாக்கி நோட்டீஸ் வந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். ரசீது கையில் இருந்தது. ஆனால் மெஷினில் அடித்த ரசீது. மை மங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தொகை தெரியும். அதை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மூன்று வாரம் பஸ் ஏறினார். மனு ஒவ்வொரு முறையும் பதிவானது. போய்ச் சேர்ந்ததோ நோட்டீஸ் அனுப்பிய அதே மேஜைக்கு. ‘தொகையைச் செலுத்தவும்’ என்று பதில் வந்தது.

கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், பாக்கித் தொகையை விட வக்கீல் செலவு கூடுதல். அப்புறம்தான் நிரந்தர மக்கள் நீதிமன்றம் பற்றித் தெரிந்தது. குடிநீர், மின்சாரம் போன்ற மக்கள் சேவைத் தகராறுகளைத் தீர்க்க, 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் 2002இல் சேர்த்த ஏற்பாடு இது. கட்டணம் இல்லை. வழக்கு அதற்கு முன் எந்தக் கோர்ட்டுக்கும் போகாமல் இருக்க வேண்டும். முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் எங்களுக்கு மூன்று வாய்தா வீணானது. அலுவலகத்திலிருந்து வந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என்ன கேட்டாலும், “மேலே கேட்டுச் சொல்றேங்க.” அவர் மேல் குறையில்லை, அவருக்கு அதிகாரமே கொடுக்கவில்லையே! நான்காம் முறை ஓர் அதிகாரி பதிவேட்டோடு வந்தார். அத்தையின் ரசீதையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வேறொருவர் பெயரில் வரவு வைத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் நோட்டீஸ் ரத்து.

அந்த அதிகாரி முதல் வாய்தாவிலேயே வந்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். சமரசத்துக்கு ஆள் அனுப்பும்போது, இன்ன தொகை வரை தள்ளுபடி செய்யலாம், தவணை கொடுக்கலாம், தவறை ஒத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்புங்கள். தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயத்தில்தான் கீழே இருப்பவர்கள் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். அந்தப் பயத்தை உங்கள் உத்தரவுதான் போக்க முடியும்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பாக்கி நோட்டீஸின் அடியிலும் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தின் முகவரியையும், இலவசச் சட்ட உதவி எண் 15100ஐயும் அச்சிடுங்கள். அத்தை வாசிக்கிற அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
மதுரைக்காரன் ஒருவன்