பிழை நாவில் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செய்தி வாசிப்பவர்களைப் பற்றி நம்மிடையே பேச்செழுந்தால் அது இரண்டு இடத்தில்தான் போய் நிற்கிறது. ஒன்று சேலை. மற்றொன்று லகர, ளகர, ழகரம். இரண்டையும் மக்கள் கவனிப்பது நல்லதே. 'மழை' என்பதை 'மலை' என்று வாசித்தால் அதற்குச் சமாதானம் கிடையாது. ஆனால் நாம் கேட்கும் பிழைகளில் பல, வாசிப்பவர் வாய் திறக்கும் முன்பே பிரதியில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் இந்தக் கடிதம்.

சிங்கப்பூரில் தமிழ்ச் செய்திக்கான மூலம் பெரும்பாலும் ஆங்கிலம். ஆங்கில ஒலிபரப்பில் வினாடிக்கு மூன்று சொல் என்பது பழைய கணக்கு. 30 வினாடிக்கு 90 சொல் ஆகிறது. தமிழில் வேற்றுமை உருபு, காலம், விகுதி எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஏறத்தாழ 45, 50 சொல்லிலேயே அந்த 30 வினாடி தீர்ந்துவிடும். இதற்கு மேல் அமைப்புகளின் பெயர்கள். ஆங்கிலத்தில் 'ஐசிஏ' என்று மூன்றெழுத்தில் முடிவது நமக்குக் 'குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம்'. 'எஸ்சிடிஎஃப்' என்பது 'சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை'. அச்சில் சுருக்கம் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். காதுக்கு 'வீவக' (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பழகிவிட்டது, மற்ற பல சுருக்கங்கள் இன்னும் பழகவில்லை. முதல் முறை முழுப்பெயர், அடுத்த முறை 'ஆணையம்' அல்லது 'படை' என்று எழுதினால் போதும். அப்படிச் செய்யாமல் ஒரே செய்தியில் மூன்று இடத்தில் முழுப்பெயரைப் போட்டு, நேரத்தை மட்டும் ஆங்கிலப் பிரதிக்கு உள்ளதாகவே வைத்தால் வாசிப்பவர் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். வேகம் கூடினால் முதலில் பலியாவது ழகரம். நாக்கு பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடாமல் நிற்க அதற்குச் சிறிது அவகாசம் தேவை. அந்த அவகாசம் கிடைக்காதபோது வருவது 'தமில்'.

அடுத்தது நிறுத்தம். 'காயமடைந்த ஓட்டுநரின் மகன் மருத்துவமனையில் இருக்கிறார்' என்று பிரதியில் வருகிறது. காயம் யாருக்கு? 'காயமடைந்த' என்பதற்குப் பிறகு நிறுத்தினால் மகனுக்கு. 'ஓட்டுநரின்' என்பதற்குப் பிறகு நிறுத்தினால் ஓட்டுநருக்கு. எழுதியவருக்கு மட்டும் தெரிந்த விடையை வாசிப்பவர் நேரலையில் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'ஓட்டுநரின் மகனுக்குக் காயம். அவர் மருத்துவமனையில் இருக்கிறார்' என்று இரண்டாக உடைத்திருந்தால் சிக்கலே இல்லை. மறுப்புச் செய்தி இன்னும் மோசம். நம் மொழியில் 'இல்லை' கடைசியில்தான் வரும். 20 சொல் நீளத்துக்கு ஒரு குற்றச்சாட்டை விவரித்துவிட்டுக் கடைசியில் 'என்பது உண்மையல்ல என்று அமைச்சு கூறியது' என்று முடித்தால், வானொலியைப் பாதிக் கவனத்தில் கேட்டவர் குற்றச்சாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். 'அமைச்சு இதை மறுத்துள்ளது' என்று தொடங்கிவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

பெயர்களுக்கு வருவோம். நம் எழுத்தில் க, ட, த, ப ஒவ்வொன்றும் இரண்டு ஒலிக்கு நிற்கின்றன. இந்தோனேசியத் தீவும் 'பாலி', பௌத்த நூல்களின் மொழியும் 'பாலி'. அமைச்சர் கான் கிம் யோங்கின் குடும்பப் பெயரில் முதல் ஒலி 'கங்கை'யின் க, 'கண்'ணின் க அல்ல. சிங்கப்பூரில் சீன, மலாய்ப் பெயர்களை ஒரு நாளில் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது! பிரதியில் பெயருக்குப் பக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் ஒரு முறை இட்டுவிட்டால் வாசிப்பவர் தடுமாற மாட்டார். இதற்கு ஆகும் நேரம் சில வினாடி.

எண்களில் இரண்டு பொறி. புள்ளிக்குப் பின் வருவதைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும்: 1.25 மில்லியன் வெள்ளி என்றால் 'ஒன்று புள்ளி இரண்டு ஐந்து', 'இருபத்தைந்து' அல்ல. இந்தியச் செய்தியில் வரும் கோடியை மில்லியனாக்கும்போது சுழியம் நழுவுகிறது. ஒரு கோடி 10 மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன், ஒரு இலட்சம் கோடி ஒரு டிரில்லியன். இதை மேசையில் ஒட்டிவைக்கலாம். எண்ணை இலக்கத்தில் விடாமல் எழுத்தால் எழுதிக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பு.

பிராம்ப்டர் இருக்கிறதே, பார்த்து வாசிப்பதில் என்ன சிரமம் என்று கேட்பவர்கள் உண்டு. லென்ஸுக்கு முன்னால் 45 பாகையில் சாய்த்த கண்ணாடியில் எழுத்து தெரியும். கண் பக்கவாட்டில் ஓடுவது தெரியக்கூடாது என்பதற்காக வரியைக் குறுக்கி வைப்பார்கள். அந்தக் குறுகிய வரியில் 'மேற்கொள்ளப்படவிருப்பதாகவும்' என்ற ஒற்றைச் சொல் வந்தால் வரி முழுக்க அதுவே. அடுத்து என்ன வருகிறது என்று தெரியாமலே வாசிக்க வேண்டும். 'நடக்கவிருப்பதாகவும்' என்று எழுதினால் கொஞ்சம் இடம் மிச்சம். இதற்கிடையே காதுக்கருவியில் இயக்குநரின் குரல்: ஒளிக்காட்சி தயாரில்லை, அடுத்த செய்திக்குப் போங்கள், இன்னும் பத்து வினாடி. வாய் ஒன்றைச் சொல்ல, காது இன்னொன்றைக் கேட்க வேண்டும். பிராம்ப்டர் நின்றுபோனால் கையிலிருக்கும் தாள்தான் துணை. ஆகவேதான் ஒவ்வொரு செய்தி முடிந்ததும் தாளைப் புரட்டிக்கொண்டே வருகிறார்கள். அது அழகுக்கு அல்ல.

சேலையும் அப்படித்தான். நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் கேமராவில் அலை அலையாக நெளியும். பின்னணி பச்சைத் திரையாக இருந்தால் பச்சை நிறம் உடுத்த முடியாது, அந்த இடம் மறைந்துபோய்ப் பின்னணிப் படம் தெரியும். அகலச் சரிகை விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். முந்தானை மைக்கில் உரசினால் சரசரப்பு, வளையல் மேசையில் பட்டால் கணீரென்று ஒலி. ஆகாசவாணியில் சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்தபோது அவர் என்ன உடுத்தியிருந்தார் என்பது வானொலி நேயர்களுக்குத் தெரியாது. குரலைத்தான் மதித்தார்கள். சிங்கப்பூரில் 1963இல் தொலைக்காட்சி வந்தபின் முகமும் உடையும் சேர்ந்துகொண்டன. இருந்தும் வாசிப்பவரின் வேலை குரலில்தான் இருக்கிறது. மரணச் செய்தியிலிருந்து விளையாட்டுக்கு வரும்போது ஒரு வினாடி நிறுத்தி, தொனியை மாற்றி, பிறகுதான் முகத்தில் மலர்ச்சி வர வேண்டும். அந்த ஒரு வினாடியைச் சரியாகப் பிடிப்பவரை நாம் பாராட்டியதுண்டா?

ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பிரதி வாசிப்பவர் கைக்கு 20 நிமிடமாவது முன்னதாக வரட்டும். எழுதியவரும் அருகிலிருக்க, ஒரு முறை வாய்விட்டு வாசிக்கட்டும். மூச்சு முட்டும் இடம் அப்போதே தெரிந்துவிடும், திருத்த நேரமும் இருக்கும். அவசரச் செய்திக்கு இது முடியாது. மற்றவற்றுக்கு முடியும்.

நேயர்களுக்கும் ஒன்று. 'தமிழ் கெட்டுவிட்டது' என்று எழுதினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. நாள், நேரம், எந்தச் செய்தி, எந்தச் சொல், எப்படிக் காதில் விழுந்தது, எப்படி இருந்திருக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு பிரதியையும் ஒலிப்பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்து, பிழை எழுதியவருடையதா, வாசித்தவருடையதா என்று அன்றைக்கே கண்டுபிடித்துவிடலாம்.

இப்படிக்கு,
செய்தி மொழிபெயர்ப்பாளர் ஒருவர்
தெம்பனிஸ்