எங்கள் வீட்டுக்குப் போதை டாக்டர் சீட்டோடுதான் வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

மனசை மயக்கும் இபோகெய்னைக் கொண்டு ஹெராயின் போன்ற போதைப் பழக்கத்தை நிறுத்தலாம் என்ற பேச்சைப் பற்றி, போதைக்குப் போதையே மருந்தா என்று கேட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் அதில் இருந்த கேலி மனசைக் கஷ்டப்படுத்தியது.

இங்கே ஹூஸ்டனில் என் கணவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டப்பா நிறைய ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை கொடுத்தார்கள், எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. ராத்திரியில் எழுந்து உள்ளங்கையில் கொட்டி எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு நாள் போடாவிட்டால் போதும், மே மாத வெக்கையிலும் இரண்டு கம்பளிக்குள் நடுங்குவார், மூக்கு ஒழுகும், கால் தானாக உதைத்துக்கொள்ளும். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அதற்கு முன் இந்த வகை மாத்திரையைத் தொடாதவர்களில்கூட 100-க்கு 6 பேர் அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்தும் அதை வாங்கினார்கள் என்று 2017-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு சொல்கிறது.

நீங்கள் எழுதிய இபோகெய்ன், காபோன் நாட்டு இபோகா செடியின் வேர்ப்பட்டையில் இருப்பது. 1962-இல், அதே அபின் வகையான ஹெராயினுக்கு அடிமையாக இருந்த நியூயார்க் இளைஞர் ஹோவர்ட் லாட்சாஃப் அதைச் சாப்பிட்டுப் பார்த்தபோது, ஹெராயின் இல்லாமலும் அந்த நடுக்கம் வரவில்லை. அங்கிருந்து தொடங்கிய பேச்சு, 2025-இல் டெக்சஸ் அரசு மருத்துவப் பரிசோதனைக்கு 5 கோடி டாலர் ஒதுக்கும் வரை வந்திருக்கிறது. சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது, அதைத்தான் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். இபோகெய்ன் இதயத் துடிப்பைக் குலைக்கும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஈசிஜி எடுக்காமல், பக்கத்தில் டாக்டர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. இங்கிருந்து மெக்சிகோவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய, அதனால்தான் ஆஸ்பத்திரிக்குள் வைத்து முறையாகச் சோதிக்கட்டும் என்கிறேன்.

என் கணவரை மீட்டது நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின். அதுவும் ஓபியாய்டுதான், அதையும் போதைக்குப் போதை என்று கேலி செய்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

அடுத்த மாதம் அவருக்கு மூட்டு மாற்று அறுவை. பழைய கதை முழுவதையும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். வலிக்கு நரம்பை மரத்துப்போக வைக்கும் ஊசியும், குறைந்த அளவில் கெட்டமின் என்ற மயக்க மருந்தும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கெட்டமினும் மனசை எங்கோ மிதக்க வைக்கும் மருந்துதான், 1970-லேயே இங்கே அனுமதி பெற்றது. ஆக்ஸிகோடோன் தேவைப்பட்டால் மூன்று நாளைக்கு மட்டும், டப்பா என் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஹூஸ்டன்